மச்சானுக்கு 4, எனக்கு ஏன் நாலரை?

சுங்கை சிப்புட்டில் கடன் ஆவணங்களைப் படித்து விளக்குவதுதான் இப்போது என் வேலை. அதற்கு முன் பேங்கில் கடன் பிரிவு. போன மாதம் செம்பனைக் குலை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கடன் கடிதத்தோடு வந்தார். வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"அதே பேங்கு, அதே தாமான், அதே 2 லட்சம் வெள்ளி. மச்சானுக்கு 4 விழுக்காடு, எனக்கு நாலரை. பேங்க் நெகாரா வட்டிய கொறச்சிட்டதா டிவியில சொன்னாங்களே தம்பி?"

மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா குறைத்தது உண்மை. 2025 ஜூலையில் ஓபிஆர் என்ற அதன் கொள்கை வட்டி 3 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆனது. அது பேங்குகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கைமாற்றும் பணத்துக்கான வட்டி. 2022 ஆகஸ்டிலிருந்து புதிய வீட்டுக்கடன்களுக்கு அடிப்படையும் அதுவே. தோட்ட முதலாளி கேட்டாலும் லோரிக்காரர் கேட்டாலும் அதில் மாற்றமில்லை. அதற்கு மேல் பேங்க் ஏற்றுவதுதான் ஸ்பிரெட்: நிர்வாகச் செலவு, லாபம், நீங்கள் கட்டாமல் போகக்கூடிய அபாயம். மச்சானுக்கு 1.25, அண்ணனுக்கு 1.75. இந்த அரை விழுக்காடு 30 ஆண்டுக் கடனில் மாதம் ஏறக்குறைய 59 வெள்ளி. மொத்தத்தில் 21,000 வெள்ளிக்கு மேல்.

ஓபிஆர் ஏறும், இறங்கும். ஸ்பிரெட்டோ, கையெழுத்துப் போட்டபின், உங்கள் கடன் தரம் மாறினாலொழிய கடைசித் தவணைவரை அப்படியே நிற்கும். ஆனாலும் டீக்கடையில் எல்லாரும் பேசுவது ஓபிஆரைத்தான்.

அண்ணனின் சிசிரிஸ் அறிக்கையை, அதாவது பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவை, எடுத்துப் பார்த்தோம். கடந்த 12 மாதத் தவணைகளும் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 0. ஒரு தவணை பாக்கி நின்றால் 1. பழைய கார் கடனில் மூன்று கட்டங்களில் 1. மழையில் நடை குறைந்துவிட்டதாம். பேங்க் மழையைப் பார்க்காது, அந்த 1-ஐத்தான் பார்க்கும். போதாததற்கு இவருக்கு நடைக்கணக்குச் சம்பளம். மச்சானுக்கு அரசாங்க வேலை.

நெருக்கடி வந்தால் ஓபிஆரும் ஸ்பிரெட்டும் எதிரெதிராகவும் ஓடும். 2020-இல் பேங்க் நெகாரா நான்கு முறை குறைத்து 3-ஐ 1.75 ஆக்கியது. பழைய கடன்காரர்களுக்குத் தவணை இறங்கியது. அதே மாதங்களில் புதுக் கடன் கேட்டு வந்த சாப்பாட்டுக் கடைக்காரர்களிடம் நானே கூடுதல் ஸ்பிரெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முழுத் தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். எந்தக் கடை மறுபடி திறக்குமென்று யாருக்குத் தெரிந்தது? அமெரிக்காவில் இது இன்னும் அப்பட்டம். அங்கே மார்ச் 15-ஆம் தேதி மத்திய வங்கி வட்டியைச் சுழியம்வரை இறக்கியது. எட்டே நாளில், கடன் தரம் குறைந்த நிறுவனங்கள் விற்ற கடன்பத்திரங்களுக்கு, அரசுப் பத்திரங்களைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் கூடுதல் வட்டி கேட்டது சந்தை. ஆண்டுத் தொடக்கத்தில் அது 4-க்கும் கீழ்.

அண்ணனிடம் சொன்னது: கார் பாக்கியைத் தீர்த்துவிட்டு 12 மாதம் 0 விழட்டும், பிறகு கேளுங்கள். முன்பணத்துக்காக வட்டிக்கடைப் பக்கம் போகாதீர்கள். லைசென்ஸ் உள்ளவர்களுக்கே அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுவரை சட்டம் இடம் தருகிறது.

"வீடு விக்கிறவரு ஒரு வருசம் பொறுப்பாரா தம்பி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு பேங்கும் அபாயத்தை ஒவ்வொரு விதமாக எடைபோடும் என்பதால், இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையையும் ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் சேர்த்து இன்னும் இரண்டு பேங்குக்கு மனுப் போட்டிருக்கிறோம்.