துளித்துளியாகச் சேரும் பிட்காயினுக்குப் பின்னால் நிற்கும் கட்டணம்

கிரிப்டோ வாலட் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் பணத்தைக் கையாளும் செயலி) வைத்திருப்பவர்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வது என் வேலை. அதில் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு: "வாலட்டில் பணம் இருப்பதாகக் காட்டுகிறது. அனுப்பப் போனால் பாதிக்கு மேல் கட்டணம் கேட்கிறது. ஏமாற்றுகிறார்களா?" பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். வாலட்டுக்குள் வந்த பணத்தின் பட்டியலைத் திறந்தாலே காரணம் தெரிந்துவிடும். இலவசமாகக் கொஞ்சம் காயின் தரும் தளம், விளையாட்டு ஆப், மைனிங் பூல் (பலர் கணினிகளைச் சேர்த்துப் பிட்காயின் ஈட்டிப் பங்கிடும் குழு) என்று பல இடங்களிலிருந்து துளித்துளியாக வந்த தொகைகள் நீளமாக வரிசை கட்டியிருக்கும்.

திரையில் ஒரே எண்ணாகத் தெரியும் இருப்பு, பிட்காயின் பிளாக்செயினில் (எல்லாப் பரிவர்த்தனையும் பதிவாகும் பொதுப் பேரேட்டில்) ஒரே தொகையாக இருப்பதில்லை. உண்டியலில் போட்ட நாணயங்கள் மாதிரி, ஒவ்வொரு முறை வந்ததும் தனித்தனியாகவே கிடக்கும். செலவு செய்யும்போது எத்தனை நாணயத்தை எடுக்கிறோமோ, அத்தனைக்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுப் பரிவர்த்தனையில் சேர்க்க வேண்டும். அதனால் பரிவர்த்தனையின் அளவு பெருக்கிறது. பிட்காயினில் கட்டணம், அனுப்பும் தொகையைப் பார்த்துப் போடப்படுவதில்லை; பிளாக்கில் (பரிவர்த்தனைகளைக் கட்டாகப் பதியும் பேரேட்டுப் பக்கத்தில்) எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதற்குள் அளவான இடம். அந்த இடத்துக்குப் போட்டி கூடினால் விலையும் கூடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1 பிட்காயின் என்பது 10 கோடி சடோஷி. ஒருவருக்கு 5,000 சடோஷி வீதம் 50 முறை வந்திருக்கிறது. மொத்தம் 2,50,000 சடோஷி. இப்போது பரவலாக உள்ள, குறைந்த இடம் பிடிக்கும் செக்விட் வகை முகவரியில் ஒரு நாணயத்தைச் செலவழிக்க ஏறக்குறைய 68 வெர்ச்சுவல் பைட் (கட்டணம் போடுவதற்கான இட அளவு) தேவை. ஐம்பதையும் ஒன்றாக அனுப்பினால் பரிவர்த்தனை சுமார் 3,440 வெர்ச்சுவல் பைட் ஆகும். பைட்டுக்கு 5 சடோஷி என்றால் கட்டணம் 17,200. நெரிசல் ஏறி 50 சடோஷி ஆனால் 1,72,000. எண்பதுக்குப் போனால் கட்டணமே கையிருப்பைத் தாண்டிவிடும். அதே 2,50,000 சடோஷி ஒரே தவணையில் வந்திருந்தால், பைட்டுக்கு 50 சடோஷி விற்கும் நாளிலும் 5,500 சடோஷியில் வேலை முடிந்திருக்கும். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

செலவழிக்கவே கட்டுப்படியாகாத இந்தப் பொடித் தொகையை டஸ்ட் என்பார்கள். பிட்காயின் வலைப்பின்னலின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர், பழைய வகை முகவரிக்கு 546 சடோஷிக்கும், செக்விட் முகவரிக்கு 294 சடோஷிக்கும் குறைவாக அனுப்பும் பரிவர்த்தனையை வழக்கமான அமைப்பில் மற்ற நோட்களுக்கு (வலைப்பின்னலை நடத்தும் கணினிகளுக்கு) கடத்தாது. இந்தத் தடுப்பு சும்மா வரவில்லை. 2012-இல் சடோஷிடைஸ் என்ற பந்தய விளையாட்டு, தோற்றவர்களுக்கும் ஒரு துளியைத் திருப்பி அனுப்பி, பிளாக்செயினைச் சின்னப் பரிவர்த்தனைகளால் நிரப்பியது. அடுத்த ஆண்டு வந்த கோர் 0.8.2 பதிப்பில் வரம்பு 5,430 சடோஷியாக இருந்தது, பிறகுதான் குறைத்தார்கள்.

"நான்தான் கட்டணம் கட்டிவிட்டேனே, அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கட்டணம், புது பிளாக்கை உருவாக்கிச் சேர்த்த மைனருக்கு ஒரே ஒரு முறை போகிறது. செலவாகாத நாணயங்களின் பட்டியலையோ உலகம் முழுக்க உள்ள ஒவ்வொரு முழு நோடும் வைத்திருந்தாக வேண்டும். பழைய பிளாக்குகளை அழித்துவிட்டு நோட் நடத்தலாம், இந்தப் பட்டியலை அழிக்க முடியாது. செலவழித்தால் நஷ்டம் என்பதால் டஸ்ட் அதிலிருந்து வெளியேறுவதே இல்லை. 2023 தொடக்கத்தில், சடோஷிகளோடு படம், எழுத்து போன்றவற்றை இணைக்கும் ஆர்டினல்ஸ் வந்த பிறகு வரம்பை ஒட்டிய பொடித் துண்டுகள் கோடிக்கணக்கில் சேர்ந்து, பட்டியல் மளமளவென்று வீங்கியது. வீட்டுக் கணினியில் நோட் நடத்துபவர்களைத்தான் இது அழுத்துகிறது. அவர்கள் குறையக் குறைய வலைப்பின்னல் சிலர் கைக்குள் போகும். எனக்கு உண்மையான கவலை அதுதான்.

கட்டணத்தையே எடுத்துவிட்டால் என்ன? நானோ என்ற வேறொரு கிரிப்டோ வலைப்பின்னலில் கட்டணம் கிடையாது. 2021 மார்ச்சில் குப்பைப் பரிவர்த்தனைகள் அதைத் திணறடித்தன. ஸீகேஷ் என்ற இன்னொரு காயினில் கட்டணம் மிகக் குறைவாக இருந்த 2022-இல் அதே கதை நடந்து, பலருடைய வாலட் ஒத்திசைவே தடுமாறியது. பிறகு பரிவர்த்தனையின் பளுவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் முறைக்கு மாறினார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? பணம் தரும் தளத்தில் குறைந்தபட்ச எடுப்புத் தொகையை நாமே வைத்துக்கொள்ள வசதி இருந்தால் அதை உயர்த்தி வையுங்கள். சேர்ந்த பிறகு ஒரே தவணையாக எடுங்கள். ஏற்கெனவே சிதறிக் கிடப்பதை, நெரிசல் இல்லாத நேரம் பார்த்து உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்பி ஒன்றாக்குங்கள். வார இறுதிகளில் கட்டணம் பல சமயம் இறங்கும். ஆனால் ஒன்றாக்கும்போது அந்த முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பது வெளியே தெரிந்துவிடும். அது முக்கியம் என்றால் எதையெதைச் சேர்ப்பது என்று யோசித்துச் செய்யுங்கள்.

கேட்காமலே வந்த துளியைத் தொடாதீர்கள். நீங்கள் அதை மற்ற நாணயங்களோடு சேர்த்துச் செலவழித்தால் உங்கள் முகவரிகளை இணைத்துப் பார்க்கலாம் என்றே சிலர் அனுப்புகிறார்கள். காயின் கன்ட்ரோல் (எந்த நாணயத்தைச் செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி) உள்ள வாலட்டில் அந்தத் துண்டை மட்டும் முடக்கி வைக்கலாம். எத்தீரியம், டிரான் என்ற வேறு கிரிப்டோ வலைப்பின்னல்கள் பக்கம் ஆபத்து வேறு விதம்: நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதலும் கடைசியும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து பொடித் தொகையை அனுப்பி வைப்பார்கள். அடுத்த முறை நீங்கள் பழைய பட்டியலிலிருந்து அதை நகலெடுத்தால் பணம் அவர்களுக்கே போகும். முகவரியை முழுதாகச் சரிபாருங்கள்.

அடிக்கடி சின்னத் தொகை அனுப்புபவர்களுக்கு, பிட்காயினுக்கு மேல் இயங்கும் லைட்னிங் என்ற கட்டண வலைப்பின்னல் பொருத்தமானது. அங்கும் சேனல் (இருவருக்கு இடையே பணம் போய்வரும் பாதை) திறக்கவும் மூடவும் பிளாக்செயினுக்கு வந்தாக வேண்டும். மூடும்போது உங்கள் பங்கு டஸ்ட் வரம்புக்குக் கீழே இருந்தால் அது உங்களுக்குத் திரும்பாது, கட்டணத்தோடு சேர்ந்துவிடும்.