பூவை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள்

போன வாரம் இரவு எட்டரை மணிக்கு என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் ஒரு மஞ்சள் பூ, அவ்வளவுதான். "மேடம், இது டெகோமா என்று செயலி சொல்கிறது. பாப்பா இதன் காயைக் கடித்துவிட்டாள். ஒன்றும் ஆகாது இல்லையா?"

இலையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினார்கள். விரல் அகலம்கூட இல்லாத ஒடுங்கிய நீள இலைகள், கிளையைச் சுற்றி நெருக்கமாக. ஒடித்த இடத்தில் ஒரு சொட்டு வெள்ளைப் பால். அது பொன்னரளி. "படம் போதும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்" என்று எழுதினேன். நல்லவேளை, இரண்டு நாள் இதயத் துடிப்பைக் கண்காணித்துவிட்டுக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செடிகளை அடையாளம் காண்பதுதான் என் தொழில். டெகோமாவையும் பொன்னரளியையும் பிரிப்பது எங்கள் துறையில் முதல் மாதப் பாடம். டெகோமாவில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும், ஓரமெல்லாம் ரம்பப் பல். காய் பீன்ஸ் போல மெலிந்து தொங்கும். பொன்னரளியின் காய் சதைப்பற்றோடு, முனை வைத்த உருண்டையாக இருக்கும். இலையோ காயோ படத்தில் இருந்திருந்தால் செயலியே சரியாகச் சொல்லியிருக்கும். அதன் கையில் கொடுத்தது ஒரு மஞ்சள் புனல் மட்டும். அது என்ன செய்யும்?

"பூவின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாமே" என்கிறார்கள். வருடக்கணக்காக நான் மல்லுக்கட்டுவது இந்த நம்பிக்கையோடுதான். ரங்கூன் மல்லியைப் பாருங்கள். மாலையில் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஜா நிறம், அப்புறம் சிவப்பு. மூன்றும் ஒரே கொத்தில் தொங்கும். செங்காந்தள் பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும். ஒரே ஹைட்ரேஞ்சியா ரகம் அமில மண்ணில் நீலமாகவும் காரமண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். காகிதப்பூவில் நீங்கள் பார்க்கும் நிறம் இதழே இல்லை, பூவடிச் செதில், அதாவது பூவைச் சுற்றி வரும் இலை மாதிரியான உறுப்பு. உண்மையான பூ அதற்குள் சின்னக் குழலாக, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கிறது. ஹெர்பேரியத்தில் நாங்கள் அழுத்தி உலர்த்தி வைக்கும் செடிகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே பழுப்பாகிவிடும். அதனால்தான் சேகரிக்கும்போதே பூவின் நிறத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுகிறோம். 1735-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளை வகுப்புகளாகப் பிரித்தபோதும் நிறத்தைப் பார்க்கவில்லை, மகரந்தத் தாள்களை எண்ணினார்.

இதில் கைபேசி வேறு நிறத்தை மாற்றிவிடுகிறது. வெயிலில் நிற்கும் செம்பருத்தியைக் கிட்டத்தில் எடுத்தால் சிவப்பு எல்லை தாண்டிப்போய் நரம்பு, மடிப்பு எல்லாம் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். ஊதா நீலமாகும், நீலம் ஊதாவாகும். நிறம் முக்கியம் என்றால் நிழலில் எடுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள்.

போர்ட்ரெய்ட் முறையைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். பின்னணி மங்கலாகிப் படம் அழகாகத்தான் வரும். ஆனால் அது மங்கலாக்குவது இலையையும் தண்டையும். எனக்கு வேண்டியதே அவைதான்.

பூவைப் பறிக்காதீர்கள். ஊமத்தையில் பூ நிமிர்ந்து நிற்கும், அதன் உறவான புருக்மான்சியாவில் தலைகீழாகத் தொங்கும். மேசைமேல் வைத்துவிட்டால் இந்த வித்தியாசம் போயே போய்விடும். செடியிலேயே வைத்து முதலில் முழுச் செடியை எடுங்கள்: மரமா, புதரா, கொடியா என்று தெரியட்டும். அப்புறம் பூவை நேராக, பக்கவாட்டில், பின்பக்கம். பின்பக்கத்தை யாருமே எடுப்பதில்லை, இதழ்களுக்கு அடியில் உள்ள புல்லிவட்டம் அங்கேதான் இருக்கிறது. இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டில் இலைகள் எதிரெதிரா மாறி மாறியா என்று தெரிகிற மாதிரி ஒன்று. காய் இருந்தால் கட்டாயம். அளவு தெரிய ஒரு ஸ்கேலோ நாணயமோ பக்கத்தில் இருக்கட்டும். ஆறேழு படங்கள், இரண்டு நிமிட வேலை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கி நுண்விவரம் போய்விடும்.

இன்னொன்று, எனக்கு அடிக்கடி வருவது: "இது மல்லிதானே?" பார்த்தால் நந்தியாவட்டை. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் இலைகள் எதிரெதிரே. இதழ்கள் காற்றாடி போல ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறதா, இலைக்காம்பை ஒடித்தால் பால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மல்லிகை இல்லை. அந்தப் பால் கண்ணில் படக் கூடாது, கையைக் கழுவிவிடுங்கள்.

செயலிகளை நான் குறை சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். பிளான்ட்நெட் 'இது பூவா, இலையா, பட்டையா' என்று கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள், பல உறுப்புகளின் படங்களைக் கொடுங்கள். பயனர்களே படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட்டில் செயலியின் ஊகம் மட்டும் முடிவு ஆகாது, பெயர் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். ரோஜாவின் ரகப் பெயரை மட்டும் படத்தை வைத்துக் கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கான கலப்பின ரகங்கள் இருக்கின்றன. செடி வாங்கியபோது கூட வந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

செயலி சொன்ன பெயரை நம்பி எந்தப் பூவையும் காய்ச்சிக் குடிக்காதீர்கள். அரளி, பொன்னரளியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் போகாது.

குழந்தையோ வளர்ப்பு நாயோ தெரியாத செடியைக் கடித்துவிட்டால் எனக்குப் படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். நான் தூங்கிக்கொண்டிருக்கலாம். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையும் பூவும் காயும் சேர்ந்த ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெயரைப் போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம்.