எழுப்புதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன்

போன மாதம் ஒரு சபையின் மூப்பர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். "ஐயா, சபை ரொம்பச் சோர்ந்து கிடக்கிறது. மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைக்கலாம் என்றிருக்கிறோம். நல்ல பிரசங்கியார் ஒருவரைச் சொல்லுங்கள்." இந்த வருஷம் இதே வேண்டுகோளோடு வந்தவர்களில் இவர்கள் ஐந்தாவது. "ஆறு மாதமாக ஆராதனைக்கு வராதவர்கள் யார் யார்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு அங்கே போனேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு பாட்டுப்புத்தகம் இருந்தது. திறந்தால் நடுவில் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி. அது ஒரு விதவைத் தாயாருடையது. கீழே விழுந்து நடக்க முடியாமல் போய் நான்கு மாதம் ஆகிறது. பெண்கள் ஐக்கியத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று போதகர் இருந்துவிட்டார். போதகர் போயிருப்பார் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். அம்மாவுக்காக ஜெபிக்கிறோம் என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். மத்தியானம் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "இது இல்லாமல் வேதம் வாசிக்க முடியவில்லை ஐயா. யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்றார்.

இருபத்தைந்து வருஷ ஊழியத்தில் என்னை மிகவும் வருத்துவது இந்த நினைப்புதான்: எழுப்புதல் வெளியிலிருந்து வரும், யாரோ ஒருவர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார் என்பது. வராது. புதிய ஒலிபெருக்கியோடு வராது, புதிய பாட்டுக் குழுவோடு வராது, கட்டடத்தைப் புதுப்பித்தாலும் வராது. கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே எத்தனையோ கூட்டங்களில் பிரசங்கித்திருக்கிறேன். அழுகிறார்கள், முன்னால் வந்து முழங்கால்படியிடுகிறார்கள், அது உண்மையான கண்ணீர்தான். ஆனால் நான்காம் நாள் அவர்கள் கையைப் பிடிக்க ஆள் இல்லை. இரண்டு ஞாயிறு ஆலயம் நிறைகிறது, அப்புறம் பழையபடிதான். உடனே வேறு பிரசங்கியாரைத் தேடுகிறோம்.

ஆதி சபை உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபத்திலும் "உறுதியாய்த் தரித்திருந்தார்கள்" என்று அப்போஸ்தலர் 2:42 சொல்கிறது. தரித்திருப்பது மூன்று நாள் வேலை இல்லை. அதிலும் அந்நியோந்நியத்தை நாம் வருஷத்துக்கு ஒரு ஐக்கிய விருந்தாகச் சுருக்கிவிட்டோம். வெளிப்படுத்தின விசேஷம் 2-ல் எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னதையும் பாருங்கள். உழைப்பில் குறை இல்லை, உபதேசத்தில் குறை இல்லை. ஆதி அன்பை விட்டதுதான் குறை. ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்றாரே தவிர, புதிதாக ஏதாவது ஏற்பாடு செய் என்று சொல்லவில்லை.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொரேவிய சபையில் 1727-ல் தொடங்கிய இடைவிடாத ஜெபம் நூறு வருஷத்துக்கு மேல் நீடித்ததைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு முந்திய மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே அடைக்கலம் வந்தவர்கள் ஒருவரோடொருவர் கடுமையாகச் சண்டையிட்டார்கள். அவர்களுக்குத் தம் நிலத்தில் இடம் கொடுத்திருந்த சின்சென்டார்ஃப் பிரபு வீடு வீடாகப் போய்ப் பேசினார். மே மாதம் 12-ம் தேதி சகோதர உடன்படிக்கை ஏற்கப்பட்டது. ஆகஸ்ட் 13-ம் தேதி திருவிருந்தில்தான் அந்தப் பெரிய எழுப்புதல் உண்டானது. ஜெபச் சங்கிலி அதற்கும் பிறகு, அந்த மாதக் கடைசியில் தொடங்கியது. முதலில் ஒப்புரவு நடந்தது, ஐயா.

அதனால் தேதி குறிக்கும் முன், சபைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். காணாமல் போனவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மூப்பருக்கு ஐந்து வீடு போதும். அதற்கு மேல் கொடுத்தால் ஒரு வீட்டுக்கும் போகமாட்டார்; அனுபவத்தில் சொல்கிறேன். பேசாமல் இருக்கும் இரண்டு குடும்பங்கள் எவை என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பிரசங்கத்தில் சாடையாகச் சொல்லாதீர்கள். மத்தேயு 18 சொல்கிறபடி தனியாகப் போய்ப் பேசுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சபையிலேயே யாராவது ஒருவரால் கொடுமைக்கு உள்ளாகி விலகிப்போனவரிடம் "மன்னித்துவிடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் கேளுங்கள், நம்புங்கள். குற்றம் நடந்திருந்தால் அது சட்டத்தின் முன் போகவேண்டியது. மத்தேயு 18-ஐக் காட்டி அதை மூடி மறைப்பது பாவம்.

சந்திக்கப் போகும்போது காணிக்கை ரசீதுப் புத்தகத்தைத் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். அங்கே கேட்டதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட வெளியே கொண்டுவராதீர்கள். ஒரு சங்கீதம் வாசித்து, சின்னதாக ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த வாரமும் போங்கள்.