நாவல்பழமா, கேரட்டா?

சாயப்பட்டறைக்காரரிடம் ஒரு சாயம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நிறத்தைவிட, நூலில் பிடிக்குமா, துவைத்தால் போகுமா என்றுதான் பேச்சு போகும். சேலத்தில் அம்மாபேட்டை, இளம்பிள்ளை பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. சூரிய மின்கலத்துக்குச் சாயம் தேடும் வேதியியலாளர்களுக்கும் இதே கவலைதான். கூடவே இன்னொன்று: பிடித்த சாயம் எலக்ட்ரானையும் கொடுத்தாக வேண்டும்.

1991-ல் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிராட்செலும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைதான் சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் இந்த வகைக் கலத்தைப் பற்றிப் பேச வைத்தது. வெள்ளை பெயிண்டில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடை நானோ துகள்களாகக் கண்ணாடியில் பூசுவார்கள். அது புற ஊதாக் கதிரை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும். அதனால்தான் மேலே சாயம். ஒளி பட்டதும் சாயத்தின் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவி, அங்கிருந்து துகளுக்குள் இறங்கி, கம்பி வழியே சுற்றி வரும். சாயம் இழந்ததை அயோடைடு கரைசல் ஈடுகட்டும்.

சரி, கடைவீதியில் கிடைக்கும் கேரட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பீட்டா கரோட்டினில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக 11 வரிசையாக நிற்கின்றன. வரிசை நீள நீள, எலக்ட்ரானைத் தாவவைக்கக் குறைந்த ஆற்றலே போதும். அதனால்தான் நீல ஒளியை விழுங்கி ஆரஞ்சாகத் தெரிகிறது. நிறம் பிரமாதம், ஆனால் மூலக்கூறு முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஆக்சைடைப் பிடிக்க அதில் கையே இல்லை. நாவல்பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்கள் சிலவற்றில் அடுத்தடுத்து உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் டைட்டானியத்தைக் கவ்விக்கொள்ளும். ஆகவே நாவல்பழச் சாற்றில் கலம் செய்யலாம். திறன் மட்டும், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 1 விழுக்காட்டைத் தொடவே திணறும்.

ஆய்வகச் சாயங்களில் மூலக்கூறையே திசை பார்த்துக் கட்டுகிறார்கள். ஒரு முனையில் எலக்ட்ரானைத் தள்ளிவிடும் ட்ரைஃபீனைல் அமீன், நடுவில் தயோஃபீன் வளையங்கள், மறுமுனையில் எலக்ட்ரானை இழுக்கும் சயனோஅக்ரிலிக் அமிலம். ஆக்சைடோடு ஒட்டுவதும் இந்த அமில முனைதான். ஒளி பட்டதும் எலக்ட்ரான் ஆக்சைடுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். மிச்சமான நேர்மின்சுமை எதிர்முனையில் இருப்பதால், போன எலக்ட்ரான் சுலபமாகத் திரும்பி வந்து சேராது. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்படியானால் நடுப்பகுதியை நீட்டிக்கொண்டே போனால் சிவப்பு ஒளியையும் பிடிக்கலாமே? பிடிக்கலாம், ஆனால் இரண்டு வில்லங்கங்கள். எலக்ட்ரான் தாவும் நிலை ஆக்சைடின் கடத்து பட்டைக்கும் (அதனுள் எலக்ட்ரான் ஓடக்கூடிய ஆற்றல் நிலைகளுக்கும்) கீழே போய்விட்டால் அது உள்ளே இறங்காது. அப்புறம், தட்டையான நீண்ட மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விரயமாக்கும். ட்ரைஃபீனைல் அமீனின் மூன்று வளையங்களும் காற்றாடி இறக்கைபோல் முறுகி நிற்பதால் அடுக்குவது குறைகிறது. கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட ஆல்கைல் சங்கிலிகளைத் தொங்கவிடுவதும் அதற்குத்தான். சிலர் பித்த அமிலம் ஒன்றை இடையிடையே கலக்கிறார்கள்!

2014-ல், இலைப் பச்சையத்தில் உள்ளது போன்ற வளையம் கொண்ட ஒரு போர்ஃபிரின் சாயம் 13 விழுக்காடு திறனை எட்டியது. கடையில் விற்கும் சிலிக்கான் பலகைகள் 20-ஐத் தாண்டிவிட்டன. சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடி கொதிக்கும்போது, கலத்தில் உள்ள திரவம் ஆவியாகிக் கசியும் தொல்லை வேறு. மொட்டைமாடிக்குச் சிலிக்கானே சரி. மங்கலான, சிதறிய ஒளியில்தான் சாயக்கலம் தன் திறமையைக் காட்டும்: ஏற்காட்டுப் பனிமூட்டம் மாதிரி இடங்களில், அல்லது அறைக்குள் விளக்கொளியில் ஓடும் சின்னச் சின்ன சென்சார்களில்.