காலநிலை நிதி கிராமத்தை எட்டாதது ஏன்?

2009ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுதோறும் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. அந்த இலக்கு 2022இல்தான் எட்டப்பட்டது. 2024இல் பாகு மாநாடு அதை, 2035க்குள் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி டாலர் என உயர்த்தியது. தொகையைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அது பாயும் வாய்க்காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த வாய்க்கால்களில் ஒன்றான, தென்கொரியாவின் சொங்டோ நகரிலிருந்து இயங்கும் பசுமைக் காலநிலை நிதியம், எந்தக் கிராமத்துக்கும் நேராகப் பணம் அனுப்புவதில்லை. தணிக்கை, கொள்முதல் விதிகள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிகள் ஆகியவற்றைச் சான்றுகளோடு நிறுவி அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் வழியாகவே அது நிதி வழங்குகிறது. ஒரு கோடி டாலர் வரையிலான திட்டத்தை அந்நிதியம் 'மிகச் சிறியது' என்று வகைப்படுத்துகிறது. ஓர் ஊருணியைத் தூர்வார நினைக்கும் ஊருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சிறிய திட்டமானாலும் பெரிய திட்டமானாலும் ஆய்வுச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், கொடுப்பவர் பெரியதையே விரும்புகிறார். போதாக்குறைக்கு, 2022இல் வழங்கப்பட்ட அரசு சார்ந்த காலநிலை நிதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கடன். சூரிய மின்நிலையம் வருவாய் ஈட்டிக் கடனை அடைக்கும். வெள்ளத் தடுப்புக் கரை எதை விற்று அடைக்கும்?

காலநிலை மாற்றத்துக்கேற்பத் தகவமைய வளரும் நாடுகளுக்கு உதவும் இன்னொரு அமைப்பான தகவமைப்பு நிதியம், பன்னாட்டு இடைநிலை அமைப்புகள் இன்றி அந்தந்த நாட்டு நிறுவனமே நிதியைப் பெறும் 'நேரடி அணுகல்' முறையைக் கொண்டுவந்தது. அதன்படி 2010இல் செனகல் நாட்டு நிறுவனம் ஒன்று முதலில் அங்கீகாரம் பெற்றது. நல்ல தொடக்கம்தான், ஆயினும் தலைநகருக்கு வந்த பணம் தலைநகரிலேயே தங்கிவிடக்கூடும்.

அந்தக் கடைசித் தொலைவைக் கடக்கும் வழியைக் கென்யாவின் இசியோலோ மாவட்டம் முயன்று பார்த்தது. பின்னர் மகுவேனி உள்ளிட்ட மாவட்டங்களும் அதைப் பின்பற்றின. அங்கே மாவட்டக் காலநிலை நிதியின் 70 விழுக்காடு வட்டார அளவிலான பணிகளுக்கென ஒதுக்கப்படுகிறது. எந்தப் பணி என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த குழு முடிவு செய்கிறது. தொழில்நுட்ப உதவியையும் கணக்கையும் மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. கணக்கு எழுதும் திறன் இல்லை என்ற காரணத்தைக் காட்டி முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்காததே இதன் நுட்பம் என்பேன்.

மகுவேனி மக்களுக்கு நன்கு பழக்கமான மணல் அணையைப் பாருங்கள். பருவகால ஆற்றின் குறுக்கே, அடிப்பாறைவரை இறங்கும் சுவர் எழுப்பப்படுகிறது. வெள்ளம் கொண்டுவரும் மணல் அதன் பின்னே படிய, மணற்பரல்களின் இடைவெளியில் நீர் வெயிலுக்கு ஒளிந்து தேங்குகிறது. கோடையில் ஊற்றுத் தோண்டினால் கிடைக்கும். ஆறு வறண்டிருக்கும்போதுதான் அந்தச் சுவரைக் கட்ட முடியும். ஒப்புதல் கடிதம் முதல் மழைக்குப் பின் வந்து சேர்ந்தால், முழுத்தொகையும் கையில் இருந்தும் அந்த ஊர் இன்னொரு கோடைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.