அரிசி வாளிக்குள் லென்ஸ் வைக்காதீர்கள்

போன கிழமை மாங்குளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஸ்ரூடியோவுக்கு வந்தார். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கமரா, கூடவே இரண்டு லென்ஸ். எடுக்கிற படமெல்லாம் பால் தெளித்தது போல வெளிறி வருகிறது, சென்சர் பிழைத்துவிட்டதோ தெரியாது, பாருங்கள் என்றார். லென்ஸைக் கழற்றினேன். மேசையில் ஒரு குறுணல் விழுந்தது. அப்போதே விளங்கிவிட்டது, இருந்தாலும் கேட்டேன். "மழைக்கு ஈரம் பிடிக்காமல் அரிசி வாளிக்குள்ள வைச்சனான் அண்ணை. எல்லாரும் அப்பிடித்தானே சொல்லினம்." தை பிறந்த பிறகு இது நான்காவது ஆள். நாலு பேரும் சொன்னது அதே வாளியைத்தான்.

ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸின் பின்பக்கம் போன் டோர்ச்சைப் பிடித்து, முன்பக்கத்தால் கொஞ்சம் சரித்துப் பார்க்கச் சொன்னேன். உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் நூலாக, பிய்ந்த சிலந்தி வலை மாதிரி ஓடியிருந்தது. பூஞ்சணம். தம்பி உடனே துணியை எடுத்துத் துடைக்கப் போனார். ராசா, அது உள்ளுக்குள் இருக்கிறது, வெளியில் நின்று தேய்த்து என்ன பயன்?

சரி, இந்த அரிசிக் கதையை இன்றைக்கு முடித்துவிடுவோம். நாங்கள் நெல் விளைகிற மண்ணில் இருக்கிறவர்கள், எங்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம். காலபோகம் வெட்டியதும் வீதியோரமெல்லாம் நெல்லைப் பரப்பிக் காயவிடுகிறோமே, ஏன்? 14 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதன் இறங்கினால்தான் நல்ல விலைக்கு எடுப்பார்கள். அப்படியென்றால் நன்றாகக் காய்ந்தது என்று நாங்கள் சொல்கிற நெல்லிலேயே, அதைக் குத்தின அரிசியிலேயே, நூறு கிலோவுக்கு 12, 13 கிலோ தண்ணீர்தான் இருக்கிறது. அந்த அரிசியை மூடி வைத்த வாளிக்குள் காற்றின் ஈரப்பதன் 65 சதவீதம் அளவில் நிற்கும், அதற்குக் கீழே இழுக்க அரிசிக்குச் சக்தி கிடையாது. லென்ஸுக்கு 60ஐத் தாண்டினாலே பயப்பட வேண்டும். இதில் அந்த வாளியை நாளுக்கு மூன்று தரம், அடுப்பில் உலை கொதிக்கும்போது, ஈரக்கையோடு திறக்கிறோம். போதாததற்குத் தவிட்டுத் தூள். பூஞ்சணத்துக்கு வீடும் கொடுத்துச் சாப்பாடும் கொடுத்தால் அது ஏன் வளராது?

"அப்ப பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைக்கலாமா" என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. மார்கழி மழைக்குள் சுற்றினால் மழைக் காற்றையும் சேர்த்துத்தான் சுற்றுகிறீர்கள். இடம்பெயர்ந்தபோது பொலித்தீனில் கட்டி நிலத்தில் புதைத்து, மீளக் குடியமர்ந்த பிறகு தோண்டியெடுத்த அல்பங்களை எத்தனையோ பேர் என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே போகாத கட்டுகளில்கூட பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முகம் இருந்த இடத்தில் மட்டும் பூஞ்சணம் தின்ற புள்ளிகள். நெகற்றிவ் என்றால் இன்னும் மோசம், அதன் மேலிருக்கும் ஜெலற்றின் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. கமரா பையும் அதே கதைதான், அந்தப் பஞ்சும் துணியும் ஈரத்தைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும். பை தூக்கிக்கொண்டு போகத்தான், குடியிருக்க அல்ல.

வெயிலில் காயவைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வன்னி வெயிலில் மத்தியானம் லென்ஸை வைத்தால் உள்ளே இருக்கும் கிறீஸ் உருகி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அபேச்சர் தகடுகளில் வழியும். பூஞ்சணம் செத்தாலும் அதன் நூல் அங்கேயேதான் கிடக்கும். ஒன்றுக்கு இரண்டு வேலை எனக்கு, காசு உங்களுக்கு.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ரப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடுகிற ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணி கால் கிலோ, ஒரு சின்ன ஈரப்பதமானி, இவ்வளவுதான். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். நிறம் மாறுகிற ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். நீலம் ரோசாவானால் அது குடித்து முடித்துவிட்டது, 110 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். ஆனால் சமைக்கிற சட்டியில் வேண்டாம், அந்த நீலத்தில் இருப்பது கோபால்ற், உடம்புக்குக் கூடாது. சப்பாத்துப் பெட்டியில் வந்த ஒரு சிறு பைக்கற்றை கமரா பைக்குள் போட்டுவிட்டு ஐந்து வருடம் நிம்மதியாக இருக்காதீர்கள். நந்திக்கடல் பக்கமோ முல்லைத்தீவுக் கரையிலோ படமெடுத்தால் அன்றிரவே உப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், கமராவை எடுத்துப் பாவியுங்கள். கிழமைக்கு ஒருநாள் குளக்கட்டுக்குக் கொண்டுபோய் நாலு கொக்கைப் பிடித்தாலும் போதும், வெளிச்சமும் காற்றும் படட்டும். கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் ஓடுகிற என்னுடைய பழைய லென்ஸ்களுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. சும்மா பத்திரமாக இருந்ததுகளுக்குத்தான் பிடிக்கிறது.

தம்பியின் ஐம்பதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டேன், கண்ணாடியின் பூச்சில் மட்டும் மெல்லிய தடம் இருக்கிறது, படத்தில் தெரியாது. சூம் லென்ஸ் தப்பவில்லை. பூஞ்சணம் விடுகிற அமிலம் பூச்சை அரித்துக் கண்ணாடி வரை போய்விட்டது, அதற்கு நானும் இல்லை, கொழும்பும் இல்லை. அண்ணனுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்றிரவே உங்களுடையதை டோர்ச் அடித்துப் பாருங்கள். நூல் தெரிந்தால் மற்ற லென்ஸோடு சேர்த்து வைக்காமல், நீங்களே கழற்றவும் போகாமல், ஆரம்பத்திலேயே கொண்டு வாருங்கள். தயவுசெய்து வரும்போது அரிசியைத் தட்டிவிட்டு வாருங்கள்.