எட்டுக் குரலுக்கு மேலே ஒன்பதாவது: பாக்கின் 'மத்தேயு பாடுகள்' தொடங்கும் விதம்

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக், மத்தேயு சுவிசேஷம் சொல்லும் இயேசுவின் பாடுகளைக் குரலுக்கும் வாத்தியத்துக்குமாக அமைத்த 'மத்தேயு பாடுகள்' முழுவதையும் கேட்க ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அதில் இறங்குவதற்கு முன் தொடக்கக் கோரஸை (கூட்டுப் பாடலை) மட்டும் நாலைந்து முறை கேட்டுவிடுங்கள். மொத்தம் 90 பார்தான் (பார் என்பது ஒரு தாளச் சுற்று). பாக்கின் வேலைப்பாடு அத்தனையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் தடவை அடித்தளக் கருவிகளை மட்டும் கவனியுங்கள். தாளம் 12/8, நம் கணக்கில் நாலு அடியும் திஸ்ர நடையும். முதல் ஐந்து பாருக்கு பாஸ் (அந்த அடித்தளக் கருவிகளின் கீழ்வரி) ஒரே 'இ' (E) ஸ்வரத்தில், நெடிலும் குறிலுமாக, ஆதார சுருதிபோல நிற்கிறது. மேலே ஸ்வரங்கள் உரசிக்கொண்டே போக, அடியில் அசைவே இல்லை. இழுபறி அங்கிருந்துதான் பிறக்கிறது. பிறகு பாஸ் படிப்படியாக மேலே ஏறும். குரல்கள் நுழைவது 17ஆம் பாரில்.

பாடுவோர் இரண்டு அணி. ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக நாலு குரல்: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்; ஆக எட்டு. அணிக்கொரு வாத்தியக் குழுவும் உண்டு. முதல் அணி "பாருங்கள்" என்கிறது, இரண்டாவது அணி "யாரை?" என்று வெட்டிக் கேட்கிறது. "மணவாளனை." "எப்படி?" "ஆட்டுக்குட்டியைப்போல."

30ஆம் பாரில், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதுபோல, ஒன்பதாவது குரலாகத் தனி சோப்ரானோ குழு 'குற்றமற்ற தேவ ஆட்டுக்குட்டியே' என்ற பழைய லூத்தரன் கீதத்தை நீட்டி நீட்டிப் பாடத் தொடங்குகிறது. கீழே 'இ' மைனர் புலம்பல், மேலே 'ஜி' மேஜர் கீதம். இரண்டும் மோதாததற்குக் காரணம் எளிது: அடிப்படை ஏழு ஸ்வரங்களும் ஒன்றே, ஷட்ஜம் மட்டும் வேறு. சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக வைத்து கிரக பேதம் செய்தால் நடபைரவி வருமே, அதே உறவு. (மைனரில் 'டி' ஸ்வரம் அடிக்கடி ஒரு ஸ்வரஸ்தானம் உயர்வது தனி.) 1736இல் பாக் எழுதிய கையெழுத்துப் பிரதியில் இந்தக் கீதத்தின் வரிகளும் சுவிசேஷ வசனங்களும் சிவப்பு மையில் இருக்கின்றன.

அதே ஆண்டு லைப்சிக் நகரின் புனித தோமா தேவாலயத்தில் இதைப் பாடியபோது அங்கிருந்த இரண்டு ஆர்கன்களையும் (காற்றுக்குழல் வாத்தியங்களையும்) பயன்படுத்தினார்கள். பெரியது மேற்கு மாடத்தில். சிறியது எதிர்ப்பக்கச் சுவரில் உயரே. இப்படி இசைப்போர் எதிரெதிரே பிரிந்து நின்றால் கேட்கப் பிரமாதம், பாடுவதற்குத் தலைவலி. ஒலி 10 மீட்டர் கடக்க ஏறத்தாழ 29 மில்லி செகண்ட் ஆகும். 30 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் காதை நம்பிப் பாடினால், போகவரச் சேர்த்து 170 மில்லி செகண்டுக்கு மேல் பிந்தித்தான் அவர் குரல் இசைக்குழுவைக் கையசைத்து வழிநடத்தும் நடத்துநரை எட்டும். நடுத்தர வேகத்தில் அது, பாருக்குப் பன்னிரண்டு வரும் எட்டில்-ஒரு ஸ்வரத்தின் பாதி. நடத்துநரின் கையைப் பார்த்துத்தான் பாட வேண்டும்.

ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 1730இல் நகர சபைக்குத் தந்த மனுவில், அணிக்கு 12 பேராவது வேண்டும், 16 பேர் இருந்தால் நல்லது என்று பாக் கேட்டிருந்தார். நூறு பேர் கூடிப் பத்து நிமிடத்துக்கும் மேலாக இழுக்கும் பழைய பதிவுகளில் திஸ்ர நடையின் அசைவு செத்துவிடுகிறது, "யாரை?" என்ற கேள்வியும் மழுங்கிப்போகிறது. சிறு குழு ஆறேழு நிமிடத்தில் முடிக்கும் பதிவே என் தேர்வு. ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இடமும் வலமும் கலந்துவிட்டால் கேட்பது யார், பதில் சொல்வது யார் என்றே பிடிபடாது; ஹெட்ஃபோன் போதும்.